அம்மா பாடமாக்கின எழுத்துகள்

"மெடிசின் கிடைக்கேல்லையோ பிள்ளை?" எண்டு கேட்ட அந்த அன்ரியோட நான் இண்டைக்கும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. லின்ஃபீல்ட்டில ஒரு பிறந்தநாள் வீடு. கையில றோல்ஸ் தட்டு. நான் ஒப்டொமெட்ரி, கண் சோதிக்கிற படிப்பு, படிக்கப் போறன் எண்டு சொல்லி வாய் மூடேல்லை, அவ தலையைச் சரிச்சு, செத்தவீட்டில துக்கம் விசாரிக்கிற குரலில கேட்டா. ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம். பக்கத்தில நிண்ட அவவின்ர மனுசன், "பரவாயில்லை, கண்ணாடிக் கடைக்கும் ஆள் வேணும்தானே" எண்டார். நான் றோல்ஸை அப்பிடியே மேசையில வைச்சிட்டு வெளியில போய் நிண்டன்.

உண்மை என்னெண்டால், நான் மெடிசினுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. இஞ்சத்தைப் படிப்புத் தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். முதல் வருசம் எல்லாரும் ஒரே வகுப்பு. டொக்டராகப் போறவை, மருந்துக் கடைக்குப் போறவை, கண்ணுக்குப் போறவை, எல்லாருக்கும் ஒரே உயிரியல், ஒரே இரசாயனம், ஒரே மண்டபம். வருச முடிவில மாக்ஸையும் நேர்முகத்தையும் பார்த்துப் பிரிப்பினம். பிரிச்ச பிறகு கண்ணுக்கு இன்னும் நாலு வருசம். மொத்தம் அஞ்சு. அந்த அஞ்சோட பட்டமும் தொழிலும் ஒண்டாக் கையில வந்திடும். எனக்கு அது பிடிச்சது. இரத்தம் எனக்கு ஒத்துவராது, கண் ஒத்துவரும். ஒரு ஆளை வெட்டாமல் கொத்தாமல் அவரின்ர நரம்பை நேர பார்க்கிறதெண்டால் அது கண்ணுக்குள்ள மட்டும்தான் ஏலும். இதையெல்லாம் றோல்ஸ் தட்டோட நிண்டு விளங்கப்படுத்தேலுமே?

அதைவிட எனக்குக் கொதி வந்தது அம்மாவில. நான் வெளியில நிக்க, ஜன்னலுக்கால கேக்குது, அம்மா அந்த அன்ரிக்குச் சொல்லுறா: "மயிரிழையிலதான் தவறினது. அடுத்த முறை எடுத்திருந்தால் கட்டாயம் கிடைச்சிருக்கும்." மெடிசினை விரும்பாத பிள்ளையைப் பெத்தவ எண்டு இருக்கிறதைவிட, மெடிசினில தவறின பிள்ளையைப் பெத்தவ எண்டு இருக்கிறது அவவுக்கு மரியாதை. வீட்ட வந்து பெரிய சண்டை. மூண்டு கிழமை நாங்கள் ரண்டு பேரும் கதைக்கேல்லை. பிறகு கதைச்சம்தான், ஆனால் "சாப்பிட்டியோ", "கார் திறப்பு எங்க" எண்ட அளவுக்குத்தான்.

அம்மா ஊரில கணக்கு ரீச்சர். இஞ்ச வந்து கிழமை நாளில வயதுபோன ஆக்களைப் பார்க்கிற ஒரு ரெஸ்ட் ஹோமில உடுப்புத் தோய்க்கிற வேலை, சனிக்கிழமையில எங்கட வீட்டு ஹோலில ரியூசன். ஹோல் முழுக்கத் தமிழ்ப் பிள்ளையள். எல்லாற்ற கையிலயும் பாஸ்ட் பேப்பர். அம்மாவின்ர வேதமே அதுதான். ஏழு வருசத்துக் கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிச் செய்விப்பா, நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் விடை வரும் மட்டும். பிள்ளையள் இங்கிலிஷில முணுமுணுக்கும், அவ தமிழில அதட்டுவா. "கேள்வி எங்கயும் போகாது, அதேதான் திரும்பி வரும்" எண்டுவா. நானும் அந்த ஹோலில வளர்ந்தவள்தான். எனக்கு அந்த வசனம் கேட்டாலே பத்தியெரியும்.

நான் ரண்டாம் வருசம் படிக்கேக்கை அம்மாவின்ர காரின்ர இடப்பக்கம் பார்க்கேலாமல் போச்சு. எங்கட கேற்றடித் தபால்பெட்டியில ஒரு கீறல். நியூ லின் மோலில கார் விடுற இடத்துத் தூணில ஒண்டு. இடப்பக்கக் கண்ணாடியை ரண்டு தரம் மாத்தினது. "இந்தக் காருக்கு இடப்பக்கம் ஆரோ செய்வினை செய்துபோட்டினம்" எண்டு அப்பா பகிடி விடுவார், நாங்கள் சிரிப்பம். தேத்தண்ணி ஊத்தினால் பாதி கோப்பைக்குள்ள, பாதி மேசையில. "பார்த்து ஊத்தத் தெரியாதோ" எண்டு நான் கத்தியிருக்கிறன், அதே மேசையில இருந்து கண் நரம்பின்ர படம் கீறிக்கொண்டு. வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலையிறதெண்டு சொல்லுவினம். எங்கட வீட்டில வெண்ணெய்க்கே தான் வெண்ணெய் எண்டு தெரியேல்லை.

மூண்டாம் வருசம் செய்முறைப் பயிற்சி தொடங்கிச்சு. நான் ஒரு எழுத்து அட்டையைக் கொண்டுவந்து எங்கட கொரிடோர் முடிவில, துவாய் அலுமாரிக்குப் பக்கத்தில ஒட்டினன். குசினி வாசலில இருந்து தூரத்தை அளந்து நிலத்தில பசை நாடா ஒட்டினன். பின்னேரத்தில அப்பாவை அதில நிப்பாட்டிப் பழகுவன். அப்பா பாவம், வேலையால வந்த களைப்பிலயும் நிப்பார். அம்மா உடுப்புக் கூடையோட நாளுக்குப் பத்துத் தரம் அந்த அட்டையைத் தாண்டிப் போவா. "அம்மா, நீங்களும் ஒருக்கா நில்லுங்கோவன்" எண்டு நான் ஒரு நாளும் கேக்கேல்லை. "என்னையும் பார்" எண்டு அவவும் கேக்கேல்லை. எனக்கு வீம்பு. அவவுக்கும் வீம்பு எண்டுதான் நான் நினைச்சிருந்தன்.

அந்த வருசக் கடைசியில ஒரு சோதினை. ஒரு ஆளின்ர கண்ணைத் தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் தனிய சோதிச்சு எழுதவேணும். பிறகு மேற்பார்வையாளர் வந்து அதே ஆளைத் திருப்பிப் பார்த்து, நாங்கள் எழுதினது சரியோ எண்டு மாக்ஸ் போடுவா. ஆளை நாங்களேதான் கூட்டிக்கொண்டு போகவேணும். முந்தி நாங்கள் பார்க்காத கண்ணாவும் இருக்கவேணும். ஒனிஹங்காவில இருந்த ஒரு சிநேகிதி வாறனெண்டு சொல்லியிருந்தாள். அண்டைக்குக் காலமை காய்ச்சல் எண்டு மெசேஜ் போட்டாள். நான் குசினியில நிண்டு அவளையும் அவளின்ர காய்ச்சலையும் திட்டிக்கொண்டு நிண்டன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகேலாது, அவரின்ர கண்ணை நான் நூறு தரம் பார்த்திட்டன்.

அம்மா அடுப்பு துடைச்ச சீலையைக் கீழ வைச்சா. "நான் வாறன்" எண்டா.

எனக்கு நம்பேலாமல் இருந்தது. ஒரு நாளும் லீவு போடாத மனுசி ரெஸ்ட் ஹோமுக்கு ஃபோன் எடுத்து வயித்துக்குத்து எண்டு பொய் சொன்னா. பள்ளிக்கூடத்துப் பெற்றார் கூட்டத்துக்குப் போடுற நீலச் சட்டையைப் போட்டா. காரில, "எழுத்துத்தானே வாசிக்கவேணும்?" எண்டு கேட்டா. "ஓம், இன்னும் கொஞ்சம் இருக்கு" எண்டன். "ம்" எண்டா.

யூனிவேர்சிற்றியின்ர கண் கிளினிக்கில எனக்கு ஒரு சின்ன அறை. எழுத்துக்குக் கொம்பியூட்டர்த் திரையும் இருந்தது, சுவரில பழைய அட்டையும் இருந்தது. வீட்டில ஒட்டின அதே அட்டை. எனக்கு அதில கை பழகியிருந்தபடியால் அதைத்தான் எடுத்தன். முதல் பிழை அது.

வலக்கண்ணால அம்மா ஆறுதலாத்தான் வாசிச்சா. கீழ போகப் போகத் தடக்குப்பட்டா, கடைசி வரியில ரண்டு எழுத்துப் பிழை. பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால வாசிக்கச் சொன்னன். ஒரே மூச்சில மேல இருந்து அடி வரைக்கும் வாசிச்சு முடிச்சா. ஒரு எழுத்துப் பிழையில்லை. இடது கண் இவ்வளவு நல்லதோ எண்டு நான் சந்தோசப்பட்டன், மொக்கி. எழுத்தைப் பார்த்து வாசிக்கிற ஆள் எங்கயாவது ஒரு இடத்தில தடக்குப்படும். பாடமாக்கினவைதான் தடக்குப்படாயினம். அந்த ஹோலில வளர்ந்த எனக்கு இது தெரிஞ்சிருக்கவேணும்.

அடுத்தது ரோச் லைட். ஒரு கண்ணுக்கு வெளிச்சம் அடிச்சால் ரண்டு கண்மணியும் சுருங்கும். வெளிச்சத்தைச் சட்டெண்டு மற்றக் கண்ணுக்கு மாத்தினாலும் சுருங்கினபடியே நிக்கவேணும். நான் வலதில இருந்து இடதுக்கு மாத்தினன். அம்மாவின்ர இடக் கண்மணி விரிஞ்சுது. திருப்பிச் செய்தன். திருப்பியும் விரிஞ்சுது. என்ர கை அப்பிடியே நிண்டுபோச்சு. இதுக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கு. வெளிச்சம் உள்ளுக்குப் போகுது, நரம்பு அதைக் கொண்டுபோகேல்லை.

இனி நான் சொல்லப்போறதை ஆறு வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் அதை வடிவாக் கண்டனான். கண்டுபோட்டு மணிக்கூட்டைப் பார்த்தன். அவதான் எல்லா எழுத்தும் வாசிச்சிட்டாவே, அறை வெளிச்சம் சரியில்லையாக்கும், இதை எழுதினால் இன்னும் நாலு சோதிப்புச் செய்யவேணும், நேரம் காணாது, பிழையாப் போனால் மாக்ஸ் போயிடும். இவ்வளவும் ஒரு நொடியில மண்டைக்குள்ள ஓடிச்சு. தாளில "இரண்டு கண்ணும் நோமல்" எண்டு எழுதினன்.

மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்கார மனுசி. அறுபது வயதிருக்கும், சிரிப்பை வீட்டில வைச்சிட்டு வாறவ. வந்து என்ர தாளை வாசிச்சா, ரோச்சை எடுத்தா. ஒருதரம், ரண்டுதரம். என்னைத் திரும்பிப் பார்த்தா. பிறகு சுவர் அட்டையின்ர லைட்டை நிப்பாட்டிப்போட்டுக் கொம்பியூட்டர்த் திரையைப் போட்டா. புது எழுத்துகள். அம்மாவின்ர வலக்கண்ணை மூடி, வாசியுங்கோ எண்டு கேட்டா.

அம்மா நிமிர்ந்து இருந்து, சனிக்கிழமைக் குரலில தொடங்கினா. வி, எச், டி, என், சி. திரையில இருந்தது வேற. அம்மா வாசிச்சது எங்கட கொரிடோர் அட்டை. வரி வரியா, மேல இருந்து கீழ. அந்த மனுசி குறுக்க விழேல்லை, முடியுமட்டும் விட்டா. முடிய நன்றி சொன்னா. பிறகு அம்மாவின்ர முகத்துக்கு முன்னால கையை நீட்டி, எத்தினை விரல் எண்டு கேட்டா. அம்மா என்ர பக்கம் திரும்பினா. சோதினை மண்டபத்தில பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரித் திரும்பினா. பிறகு "மூண்டு" எண்டா. அந்தக் கையில ஒரு விரலும் நீட்டியிருக்கேல்லை, பொத்தித்தான் இருந்தது.

கண்மணியை விரிக்கிற மருந்து விட்டு உள்ளுக்குப் பார்த்தம். நரம்பின்ர தலை றோசா நிறத்தில இருக்கவேணும், நடுவில ஒரு சின்னக் குழி. அம்மாவின்ர இடக்கண்ணில குழிதான் மிச்சம், றோசா இல்லை. கண்ணுக்குள்ள அழுத்தம் ரண்டிலயும் கூடியிருந்தது. குளோக்கோமா, அழுத்தம் நரம்பைத் தின்னுற நோய். வலக்கண்ணிலயும் தொடங்கியிருந்தது. மேற்பார்வையாளர் அங்கேயே நிண்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் அடிச்சா. என்ர தாளில தவறினது எண்டு போட்டுட்டு, ரண்டு கிழமையால வேற ஆளோட வா எண்டா.

மருந்து விட்டபடியால் அம்மாவால கார் ஓட்டேலாது. நான்தான் ஓட்டினன். ரண்டு சிக்னல் தாண்டேல்லை, கேட்டா: "எத்தினை மாக்ஸ் தந்தவ?"

ஒரு சின்ன மூலைக்கடைக்கு முன்னால காரை ஓரங்கட்டினன். "உங்களால நான் ஃபெயில்" எண்டன். ஒரு கண் போன மனுசியிட்ட, அவவின்ர பிள்ளை, கண் படிக்கிற பிள்ளை, சொன்ன முதல் வசனம் அது. எப்ப இருந்து தெரியும் எண்டு கத்தினன். நான் முதல் வருசம் படிக்கேக்கையாம். முகம் கழுவேக்கை வலக்கண்ணுக்குள்ள சவர்க்காரம் போக, அதை மூடினாவாம். மூட முன்னால ஒண்டும் இல்லையாம், பனி மூடின மாதிரிப் புகார் மட்டுமாம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ என்ன சொல்லியிருப்பாய்? டொக்டரிட்டப் போங்கோ எண்டிருப்பாய்." அம்மா நேர முன்னால பார்த்துக்கொண்டிருந்தா. "அங்கதான் போறதெண்டால் நீ என்னத்துக்கு?"

எனக்கு வந்த கொதியில கதவைத் திறந்து இறங்கிப் போயிருப்பன், காரை ஓட்ட வேற ஆளில்லை. வீட்ட போனவுடன கொரிடோருக்குப் போய் அந்த அட்டையைக் கிழிச்செடுத்தன். அம்மா குசினிக்குள்ள நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டா.

ஆஸ்பத்திரியில நானும் கூட இருந்தன். முன்பின் தெரியாத ஒரு டொக்டர் பெடிச்சி, என்னைவிட நாலைஞ்சு வயதுதான் கூட இருக்கும், எப்ப இருந்து எண்டு கேட்டா. அம்மா இங்கிலிஷில ஒளிவுமறைவில்லாமல் எல்லாம் சொன்னா. தபால்பெட்டி, தூண், தேத்தண்ணி, சவர்க்காரம். எனக்குப் பொய் வாசிச்ச வாய் அங்க உண்மையைக் கொட்டிச்சு. ஒண்டரை வருசம் முந்தி வந்திருந்தால் இடதிலயும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னா. ஒண்டரை வருசம் முந்தி நான் அதே வீட்டில, அதே மேசையில இருந்து ரோச் லைட் சோதிப்பைப் பாடமாக்கிக்கொண்டு இருந்தனான். வலக்கண்ணைச் சொட்டு மருந்தால காப்பாத்தலாம், ஆனால் வருசா வருசம் கண் எவ்வளவு அகலத்துக்குப் பார்க்குதெண்டு மெஷினில பார்த்துத்தான் ஆகவேணும் எண்டா. நம்பக்கூடிய ஒரு முடிவு வருமட்டும் காரைத் தொடக்கூடாது.

இஞ்ச எங்கட சனத்துக்குள்ள கதை பரவிச்சு. பிறந்தநாள் வீட்டில கண்ணாடிக் கடை எண்டு சொன்ன அந்த மனுசன் அப்பாவிட்ட, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" எண்டாராம். அம்மாவுக்கு அது வலிச்சதோ தெரியாது. எனக்கு வலிச்சது, ஏனெண்டால் அது சரி.

அந்த மெஷின் சங்கதியைச் சொல்லவேணும். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள நாடியை வைச்சுப் பார்த்துக்கொண்டு இருக்கவேணும். அங்கயும் இங்கயும் சின்னச் சின்ன வெளிச்சம் வரும். கண்டால் கையில இருக்கிற பட்டனை அமத்தவேணும், காணாட்டில் சும்மா இருக்கவேணும். அம்மா சும்மா இருப்பாவே? கண்டாலும் அமத்துவா, காணாட்டிலும் அமத்துவா. மெஷின் கள்ளத்தைப் பிடிச்சிடும், இந்த முடிவை நம்பேலாதெண்டு தாளில அடிச்சுத் தந்திடும். ஒவ்வொரு வருசமும் அப்பிடி. வலக்கண்ணில நோய் கூடுதோ குறையுதோ எண்டு ஒருத்தருக்கும் சொல்லேலாமல் இருந்தது. இருக்கிற ஒரு கண்ணையும் மாக்ஸுக்காக விக்கப்போறியளோ எண்டு நான் ஆஸ்பத்திரி வாசலில, சனம் பார்க்க, பேசினன். வீட்டில பேசினன். அப்பாவுக்கு முன்னால, ரியூசன் பிள்ளையளுக்கு முன்னால, ஆறு வருசமாப் பேசினன். அவ திருப்பி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அது எனக்கு இன்னும் கொதியைக் கிளப்பும்.

நான் படிச்சு முடிச்சு இப்ப நியூ லின் பக்கம் ஒரு கடையில வேலை செய்யிறன். ஓம், கண்ணாடிக் கடைதான். இந்த வருசம் ஆஸ்பத்திரி வரிசை நீளம் எண்டு, மெஷின் பார்த்து முடிவை அனுப்பச் சொல்லி எங்கட கடைக்கே கடிதம் வந்தது. அம்மா பஸ்ஸில வந்தா. வலக்கண்ணை முதல் செய்தன். நான் சண்டைக்கு ஆயத்தமாப் பக்கத்தில நிண்டன். அவ ஆறுதலா அமத்தினா. வெளிச்சம் வராத நேரத்தில கை அசையேல்லை. தாள் வந்தது, முதல் தரமா நம்பக்கூடிய தாள். ஓரத்தில கொஞ்சம் கறுப்பு, மிச்சம் இருக்கு.

நான் மெஷினை நிப்பாட்டப் போக, "இடதும் செய்" எண்டா.

"அதில என்ன இருக்கு பார்க்க?"

"செய் எண்டுறன்."

வலக்கண்ணை மறைச்சுத் தொடங்கினன். நாலைஞ்சு நிமிசம். பட்டன் அவவின்ர கைக்குள்ள இருந்தது, பெருவிரல் அதுக்கு மேல இருந்தது. ஒருக்காலும் அமத்தேல்லை. என்ர திரையில கட்டம் கட்டமாக் கறுத்துக்கொண்டு வந்தது. முடிஞ்ச சத்தம் கேட்டு நாடியை எடுத்தா. "எனக்கு ஒண்டும் தெரியேல்லைப் பிள்ளை" எண்டா. இந்த வசனத்துக்காகத்தான் நான் ஆறு வருசம் கத்தினது. கேட்டவுடன பக்கத்துக் கதிரையில இருந்தன்.

"அம்மா, அண்டைக்கு ரோச் அடிக்கேக்கை நான் கண்டனான்" எண்டன். "கண்டுபோட்டுத்தான் நோமல் எண்டு எழுதினனான்."

"தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தன். அவ தன்ர கண்ணாடியைச் சட்டை நுனியில துடைச்சுக்கொண்டிருந்தா.

"வலக்கண் நல்லாத்தானே இருந்தது. உன்ர கை நிண்டதைப் பார்த்தனான். நீ எழுதினதையும் பார்த்தனான். பிள்ளையளின்ர கொப்பியைத் தலைகீழா வாசிச்சுப் பழகின ஆள் நான்."

"பிறகு ஏன் ஒண்டும் சொல்லேல்லை? இவ்வளவு காலமும் பேச்சு வாங்கிக்கொண்டு..."

"நீ ஏன் சொல்லேல்லை?" கண்ணாடியைப் போட்டா. "நான் பொய் வாசிச்சன். நீ பொய் எழுதினாய். ரண்டும் அந்த மாக்ஸுக்குத்தான். என்ர ஹோலில படிச்ச பிள்ளைதானே, வேற எப்பிடி வரும்?"

அவவின்ர குரலில கோவம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருப்பன். ஆஸ்பத்திரிக்கு அனுப்புற தாள் என்ர முன்னால கிடந்தது, இடக்கண் பகுதி வெறுமையா. அம்மா கைப்பையைத் தோளில போட்டுக்கொண்டு எழும்பினா, போகேல்லை.

"இப்ப உள்ளதை எழுது" எண்டா.

நான் எழுதினன். அவ மேசைக்கு அங்கால நிண்டு, நான் எழுதி முடியுமட்டும், தலைகீழா வாசிச்சுக்கொண்டு நிண்டா.